‘மிஞ்சியது’ என்பதற்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல்?

குச்சிக்கிழங்கு (மரவள்ளி) பிடுங்கும் கூலி கிழங்கு விலையை மிஞ்சிவிட்டது. மேட்டூர் அணைக்கு வரும் தண்ணீர் திறந்துவிடும் தண்ணீரை மிஞ்சிவிட்டது. டம்ளரில் சிக்கரி வாசம் காபி வாசத்தை மிஞ்சிவிட்டது. கூட்டத்தில் எதிர்த்தவர்கள் ஆதரித்தவர்களை மிஞ்சிவிட்டார்கள். இந்த மருந்தின் பயன் அதன் ஆபத்தை மிஞ்சுகிறது.

ஐந்துக்கும் தமிழில் ஒரே வினை போதும். எதில் மிஞ்சியது என்பதைக் கேட்பவர் சூழலை வைத்தே பிடித்துக்கொள்வார். ஆங்கிலத்தில் அதை வினைச்சொல்லே சொல்லியாக வேண்டும். முதல் இரண்டுக்கும் எக்ஸீட், மூன்றாவதுக்கு ஓவர்பவர், நாலாவதுக்கு அவுட்நம்பர், ஐந்தாவதுக்கு அவுட்வெய். எல்லாவற்றுக்கும் டாமினேட் என்று போடும் பழக்கம் சேலத்தில் எழுதப்படும் ஆங்கிலத்தில் நிறையத் தென்படுகிறது. ஏற்றுமதிக் கடிதம், ஏற்காடு தங்குமிட விளம்பரம், தகவல் உரிமை மேல்முறையீடு, கல்லூரி ஆய்வேடு எதுவும் இதற்கு விலக்கில்லை. படிக்கிறவருக்கு அர்த்தம் கோணலாகப் போய்ச் சேருகிறது.

ஆகவே பேனாவை எடுக்குமுன் தமிழிலேயே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள்: எதில் மிஞ்சியது? ரூபாய், கன அடி, கிலோ என ஒரே அலகில் அளந்த இரண்டு எண்களா? தலை எண்ணிக்கையா? ஒரே அலகில் அளக்க முடியாத இரண்டை மனசில் நிறுத்துப் பார்த்த முடிவா? மணம், ருசி, உடல் பலம் போன்றதா? பார்க்கிறவர் கவனமா? அல்லது இரண்டு விதிகள் மோதி ஒன்று நின்றதா? பதில் தெரிந்தால் சொல் பாதி கிடைத்துவிட்டது. மீதிப் பாதி, அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஓவர் வருமா வராதா என்பது.

அளந்ததற்கு எக்ஸீட், நிறுத்துப் பார்த்ததற்கு அவுட்வெய்

அவுட்வெய் தராசிலிருந்து வந்த சொல். ஒரு தட்டு இன்னொன்றைவிடக் கனத்துக் கீழே இறங்குவதுதான் அதன் மூலப் பொருள். இன்று நிஜத் தராசுக்கு அதை அபூர்வமாகத்தான் பயன்படுத்துகிறார்கள். செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் ஒரு ஜோடி 82 கிராம், இன்னொன்று 75 கிராம் என்றால், முதல் ஜோடி இரண்டாவதை அவுட்வெய் செய்கிறது என்று எழுதினால் இலக்கணம் தப்பில்லை, ஆனால் யாரும் அப்படி எழுதுவதில்லை. ‘7 கிராம் ஹெவியர்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள்.

இந்தச் சொல்லுக்கு இன்றைய வேலை மனத்தராசில்தான். மருந்து விஷயத்தில் வரும் ‘பெனிஃபிட்ஸ் அவுட்வெய் தி ரிஸ்க்ஸ்’ என்ற வரியைப் பாருங்கள். நோய் தணிவதை எந்த அலகில் அளப்பது? வயிற்றுப் புண் வரும் ஆபத்தை எந்த அலகில் அளப்பது? இரண்டுக்கும் பொது அலகே இல்லை. ஒருவர் இரண்டையும் மனசில் வைத்து, இது கனம் என்று தீர்மானித்திருக்கிறார். அந்தத் தீர்மானம் இருக்கும் இடத்தில்தான் அவுட்வெய் பொருந்தும்.

கூலியும் கிழங்கு விலையும் இரண்டுமே ரூபாய். கழித்துப் பார்த்தால் வித்தியாசம் வந்துவிடும், தீர்மானிக்க அங்கே ஒன்றுமில்லை. எனவே எக்ஸீட். மேட்டூரின் வரத்தும் வெளியேற்றமும் வினாடிக்கு இத்தனை கன அடி என்று அளந்த எண்கள், அதற்கும் எக்ஸீட்தான். அந்தக் கிழங்கு விவசாயியே, ‘மழையும் கிழங்கு விலையை முடிவுசெய்யும் மாவுச்சத்துப் பாயிண்டும் நம் கையில் இல்லாத வருஷத்தில், கிடைக்கும் லாபத்தைவிட இழுத்துக்கொள்ளும் ஆபத்து பெரிது’ என்று எழுதினால் அங்கே அவுட்வெய் சரி. ஆபத்தும் லாபமும் ஒரே படிக்கல்லில் நிற்காதவை.

இந்தச் சொல்லில் பிழை வரும் இடங்கள் சில உண்டு. பெரும்பாலானவற்றுக்குக் காரணம் தமிழ் வாக்கியம் உள்ளே ஓடிக்கொண்டிருப்பதுதான். தமிழில் ‘ஆபத்தைவிடப் பயன் கனமானது’ என்கிறோம். அந்த ‘விட’, ஆங்கிலத்தில் ‘தான்’ (than) என்று எட்டிப் பார்க்கிறது: ‘அவுட்வெய்ஸ் தான் தி ரிஸ்க்’. ‘விட’ என்ற பொருள் அவுட் என்ற முன்னொட்டுக்குள் ஏற்கெனவே இருக்கிறது, திரும்பப் போடக் கூடாது. ‘அவுட்வெய் ஓவர்’ என்பதும் அதே கணக்கில் தப்பு. வினைக்கு அடுத்து நேராகச் செயப்படுபொருள் வர வேண்டும்.

அடுத்தது ‘கொண்டிருக்கிறது’. நாம் எதையும் ‘செய்துகொண்டிருக்கிறது’ என்று சொல்லிப் பழகியவர்கள். அதனால் ‘இஸ் அவுட்வெயிங்’ என்று வந்துவிடுகிறது. அவுட்வெய் ஒரு நிலையைச் சொல்லும் வினை, தராசு முள் நின்ற பிறகு சொல்வது. சாதாரண நிகழ்காலம் போதும்.

மூன்றாவது எழுத்துக்கூட்டல். எடை என்ற பெயர்ச்சொல்லான வெயிட்டின் கடைசியில் டி உண்டு. நிறுத்தல் என்ற வினையில் கிடையாது. ‘அவுட்வெயிட்’ என்று டி சேர்த்து எழுதுவது மிகப் பரவலான பிழை. கணினியின் எழுத்துப் பிழை திருத்தி சில சமயம் அதைக் கண்டுகொள்ளாமலும் விட்டுவிடும். இந்த வினைக்குப் புழக்கத்தில் பெயர்ச்சொல் வடிவம் இல்லை என்பதையும் மனசில் வையுங்கள். பெயர்ச்சொல் தேவையென்றால் வாக்கியத்தைத் திருப்பி, ‘ஆன் பேலன்ஸ்’ என்று தொடங்கி எழுதுங்கள்.

அழுத்தம் கூட்ட வேண்டுமானால் ஃபார் (far) அவுட்வெய், கிளியர்லி அவுட்வெய் எனலாம். வெரி, ஹைலி இரண்டும் இதனோடு ஒட்டாது.

தகவல் உரிமைச் சட்டத்தில் இரண்டு சொற்கள்

2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை எடுத்துக்கொண்டால் இந்தச் சொற்களின் வேறுபாடு கண்ணாடியில் தெரிவதுபோலத் தெரியும். பிரிவு 8(2) என்ன சொல்கிறது? விலக்கு அளிக்கப்பட்ட தகவலாகவே இருந்தாலும், அதை வெளியிடுவதில் உள்ள பொதுநலன், பாதுகாக்கப்படும் நலன்களுக்கு வரும் தீங்கை அவுட்வெய் செய்தால், பொது அதிகார அமைப்பு அதைத் தரலாம். பிரிவு 22 என்ன சொல்கிறது? 1923ஆம் ஆண்டின் அலுவல் இரகசியச் சட்டத்திலோ வேறு சட்டத்திலோ முரணாக எது இருந்தாலும் இந்தச் சட்டமே செல்லும். அந்தப் பிரிவின் தலைப்பில் வருவது ஓவர்ரைடிங் எஃபெக்ட்.

8(2)இல் இரண்டு தட்டுகளிலும் சரக்கு இருக்கிறது. தீங்கு இல்லை என்று அந்தச் சட்டம் சொல்லவில்லை. தீங்கு உண்டு, அதையும் வைத்து நிறு என்கிறது. 22இல் தராசே இல்லை. முரண் வந்தால் மற்றது தள்ளப்படும், அவ்வளவுதான். ஒன்றின் இடத்தில் இன்னொன்றை எழுதினால் வாதமே மாறிப்போகும். ‘பப்ளிக் இன்ட்ரஸ்ட் ஓவர்ரைட்ஸ்’ என்று மேல்முறையீட்டில் எழுதுகிறவர், தான் நிறுத்துக் காட்ட வேண்டிய கடமையைத் தாண்டிக் குதித்துவிடுகிறார். எதிர்த்தட்டில் என்ன இருக்கிறது என்று அவர் சொல்லவே இல்லை.

உதாரணமாக, ஒரு ஊராட்சிச் சாலைப் பணியின் அளவுப் புத்தக (செய்த வேலையை அளந்து பதியும் ஏடு) நகல் கேட்டிருக்கிறீர்கள். மறுத்துவிட்டார்கள். முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள் அவகாசம், இரண்டாவதுக்கு 90 நாள். அதற்குள் எழுதும் பத்தியை இப்படிக் கட்டுங்கள்.

முதல் வாக்கியத்தில் வலது தட்டு: வெளியிட்டால் என்ன பொதுநலன்? ‘பொதுநலன்’ என்று மொட்டையாக நிறுத்தாதீர்கள். பொதுப் பணத்தில் போட்ட சாலையின் கனம் ஒப்பந்தத்தில் உள்ளபடி இருக்கிறதா என்று ஊர்க்காரர்கள் சரிபார்க்க முடியும் என்று எழுதுங்கள். இரண்டாவது வாக்கியத்தில் இடது தட்டு: அவர்கள் சொல்லும் தீங்கு யாருக்கு, எவ்வளவு? பணி முடிந்து பணமும் கொடுத்தாகிவிட்டது, இனிமேல் ஒப்பந்ததாரரின் போட்டி நிலைக்கு வரும் பாதிப்பு சிறிது என்று எழுதுங்கள். மூன்றாவது வாக்கியத்தில்தான் அவுட்வெய்ஸ் வர வேண்டும், சட்டத்தின் சொல்வரிசையிலேயே: ‘தி பப்ளிக் இன்ட்ரஸ்ட் இன் டிஸ்க்ளோஷர் அவுட்வெய்ஸ் தி ஹார்ம் டு தி புரொடெக்டட் இன்ட்ரஸ்ட்ஸ்’. பொதுநலன் ஒருமை, எனவே கடைசியில் எஸ் உண்டு. இந்த எஸ் விட்டுப்போவதைத்தான் மனுக்களில் அதிகம் காண முடிகிறது.

ஒரு எச்சரிக்கை. வணிக இரகசியம் என்று 8(1)(டி)யைக் காட்டி மறுத்திருந்தால், அந்த உட்பிரிவிலேயே ஒரு தனி அளவுகோல் இருக்கிறது. ‘லார்ஜர் பப்ளிக் இன்ட்ரஸ்ட் வாரன்ட்ஸ்’ என்பது அதன் சொல். வாரன்ட்ஸ் என்றால் ‘அதை நியாயமாக்குகிறது, அதற்கு இடமளிக்கிறது’ என்று பொருள். அதை ஒரு வாக்கியத்திலும் 8(2)இன் அவுட்வெய்ஸைத் தனி வாக்கியத்திலும் எழுதுங்கள். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் குழப்பினால் படிக்கும் அலுவலர் எந்தப் பிரிவுக்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் இரண்டையும் விட்டுவிடுவார்.

டாமினேட்டும் ‘மீது’ என்ற உருபும்

‘அவர் மீது ஆதிக்கம் செலுத்தினார்’ என்பது தமிழ். அதில் உள்ள ‘மீது’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘டாமினேட்டட் ஓவர் ஹிம்’ ஆகிறது. இது தப்பு. டாமினேட் வினையாக வரும்போது ஓவர் கிடையாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 16, தகாத செல்வாக்கை விளக்கும் இடத்தில் ‘டாமினேட் தி வில் ஆஃப் தி அதர்’ என்று எழுதுகிறது. மற்றவரின் விருப்பத்தையே ஆளும் நிலை என்று பொருள். பத்திரம் எழுதுகிறவர்கள் இந்த ஒரு தொடரை மனப்பாடம் செய்துகொண்டால் ஓவர் தொல்லை விட்டது.

பெயர்ச்சொல்லுக்கு மாறினால் கதை வேறு. டாமினன்ஸ் ஓவர் சரி. அதாவது ‘ஆதிக்கம்’ என்ற பெயருக்கு ‘மீது’ தேவை, ‘ஆள்’ என்ற வினைக்குத் தேவையில்லை. தமிழிலும் ‘நாட்டை ஆண்டான்’ என்கிறோம், ‘நாட்டின் மீது ஆண்டான்’ என்பதில்லையே. அந்தக் காதால் கேட்டுப் பாருங்கள்.

டாமினேட்டுக்குள் எப்போதும் அடக்குமுறை இருக்கிறது என்று நினைக்க வேண்டாம். சேலத்தில் எந்த மாடியில் ஏறி வடக்கே பார்த்தாலும் சேர்வராயன் மலை கண்ணை நிறைக்கும். அதை ‘தி ஷெவராய்ஸ் டாமினேட் தி நார்தர்ன் ஸ்கைலைன்’ என்று எழுதலாம், மிக நல்ல ஆங்கிலம். அங்கே மலை யாரையும் அடக்கவில்லை, உயரத்தால் எல்லா இடத்திலும் தெரிகிறது. மனிதரைப் பற்றி எழுதும்போது மட்டும் கவனம் வேண்டும். ஒருவர் தன் துறையில் முன்னணியில் இருப்பதைப் பாராட்ட டாமினன்ட் சரி. டாமினியரிங் என்றால் எல்லாரையும் அதட்டி நடத்துகிறவர். பரிந்துரைக் கடிதத்தில் ஒரு மாணவியை ‘டாமினியரிங் பெர்சனாலிட்டி’ என்று புகழ்ந்து எழுதினால் அவருக்கு இடம் கிடைக்காமல் போகும். ஆளுமை மிக்கவர் என்று சொல்ல கமாண்டிங் என்ற சொல் இருக்கிறது.

டாமினேட் வினை, டாமினன்ட் உரிச்சொல். உச்சரிப்பு நெருங்கி இருப்பதால் ‘டாமினேட் பார்ட்டி’, ‘டாமினேட் ஹேண்ட்’ என்று எழுதிவிடுகிறார்கள். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்றால் டாமினன்ட், எப்போதும்.

இந்த உரிச்சொல் ஒவ்வொரு துறையிலும் வேறு உடை போட்டுக்கொள்கிறது. 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 4ஆம் பிரிவில் வரும் ‘டாமினன்ட் பொசிஷன்’ வெறும் பெரிய நிறுவனம் என்பதல்ல. போட்டியாளர்களின் அழுத்தத்துக்குக் கட்டுப்படாமல் நடந்துகொள்ளும் பலம் அது. அந்தப் பலம் இருப்பது குற்றமில்லை, அதைத் துஷ்பிரயோகம் செய்வதைத்தான் சட்டம் தடுக்கிறது. சமூகவியலில் ‘டாமினன்ட் காஸ்ட்’ என்பதை 1950களில் எம்.என். சீனிவாஸ் பயன்படுத்தியபோது, சடங்கில் உயர்ந்த சாதி என்ற பொருளில் அதைச் சொல்லவில்லை. ஒரு ஊரில் ஆள் எண்ணிக்கையிலும் நிலத்திலும் அரசியலிலும் பலம் உள்ளதைத்தான் அப்படிக் குறித்தார். ஆய்வேட்டில் இதை ‘உயர் சாதி’ என்று தமிழ்ப்படுத்தினால் முழு வாதமும் தலைகீழாகிவிடும். மேற்கத்திய இசையில் டாமினன்ட் என்றால் ஐந்தாவது சுரம், நம் பஞ்சமம் நிற்கும் இடம்.

மரபியலில்தான் மாணவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம். தமிழ்ப் பாடநூல் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்கிறது. மிக அருமையான சொற்கள். மெண்டல் 1866இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கில், ஒரு சோதனையின் இரண்டாம் தலைமுறையில் உருண்டை விதை 5,474, சுருங்கிய விதை 1,850. கிட்டத்தட்ட மூன்றுக்கு ஒன்று. உருண்டை எண்ணிக்கையில் கூடுதலாக இருந்ததால் அதை டாமினன்ட் என்றார்கள் என்று எழுதுவது தப்பு. உருண்டைக் காரணியும் சுருக்கக் காரணியும் ஒரே விதைக்குள் சேர்ந்திருக்கும்போது எது வெளியே தெரிகிறதோ அதுதான் டாமினன்ட். மனிதரில் ஆறு விரலோடு பிறப்பதன் சில வகைகள் ஓங்கு பண்பாகவே கடத்தப்படுகின்றன, ஆனாலும் ஊரில் ஐந்து விரல்காரர்கள்தான் நிறைந்திருக்கிறார்கள். எண்ணிக்கையைச் சொல்ல வேண்டுமானால் காமன் என்றோ பிரிடாமினன்ட் என்றோ எழுதுங்கள்.

பிரிடாமினன்ட், பிரிபாண்டரன்ஸ்

பிரிடாமினன்ட் என்றால் கலந்திருப்பவற்றில் தெளிவாகக் கூடுதலாக இருப்பது. சேலத்தில் தெலுங்கும் கன்னடமும் சௌராஷ்டிரமும் பேசும் குடும்பங்கள் உண்டு, பிரிடாமினன்ட் மொழி தமிழ். மற்றவை இருக்கின்றன என்ற ஒப்புதல் இந்தச் சொல்லுக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. இதன் வினைச்சொல் பிரிடாமினேட் செயப்படுபொருள் வாங்காது. தமிழ் பிரிடாமினேட்ஸ் என்று நிறுத்தலாம், அல்லது பிரிடாமினேட்ஸ் ஓவர் என்று தொடரலாம். டாமினேட்டுக்கு ஓவர் கூடாது, இதற்கு உண்டு. இந்த ஒன்றை மட்டும் தனியாக நினைவில் வைக்கத்தான் வேண்டும். வினையடையாக எழுதும்போது பிரிடாமினன்ட்லி என்பதே பாதுகாப்பு. பிரிடாமினேட்லி என்பதும் அகராதிகளில் இருக்கிறது, ஆனால் திருத்துகிறவர் பேனா அதில் நிற்கும்.

எவ்வளவு இருந்தால் பிரிடாமினன்ட்? காபித்தூள் பொட்டலத்தைப் பாருங்கள். காபி-சிக்கரிக் கலவையில் காபி எடையில் 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. 51க்கு 49 கலந்துவிட்டு ‘பிரிடாமினன்ட்லி காபி’ என்று அச்சடித்தால் படிக்கிறவர் மனசில் 80, 90 என்ற எண்ணம்தான் ஓடும். அது நேர்மையான எழுத்தல்ல. பாதிக்குச் சற்று மேலே என்றால் ‘ஜஸ்ட் ஓவர் ஹாஃப்’ என்றே எழுதுங்கள். வெள்ளியிலும் அப்படித்தான்: ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி என்று எண் கையில் இருக்கும்போது ‘பிரிடாமினன்ட்லி சில்வர்’ என்று எழுதுவது வாங்குகிறவருக்குச் சந்தேகத்தைத்தான் கிளப்பும். எண் இருந்தால் எண்ணைப் போடுங்கள்.

பிரிபாண்டரன்ஸ் கனமான சொல், பொருளிலும். எடை என்ற லத்தீன் வேரிலிருந்து வந்தது. அன்றாட எழுத்தில் இதற்கு வேலையில்லை, நீதிமன்றத்தில் உண்டு. உரிமையியல் வழக்கில் ‘பிரிபாண்டரன்ஸ் ஆஃப் பிராபபிலிட்டீஸ்’: இரு தரப்பில் எது நடந்திருக்கக் கூடும் என்பதில் தராசு எந்தப் பக்கம் சாய்கிறதோ அது வெல்லும். குற்றவியல் வழக்கில் அந்தச் சாய்வு போதாது, நியாயமான ஐயத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். அமெரிக்கத் தீர்ப்புகளில் ‘ஆஃப் தி எவிடன்ஸ்’ என்று முடியும். இங்கே மனு எழுதும்போது நம் வழக்கான பிராபபிலிட்டீஸையே எழுதுங்கள்.

மோதலில் நிற்பது: பிரிவெய்ல்

அரசமைப்பின் 254ஆம் பிரிவு: பொதுப் பட்டியலில் உள்ள பொருளில் மாநிலச் சட்டமும் நாடாளுமன்றச் சட்டமும் முரண்பட்டால் நாடாளுமன்றச் சட்டம் ‘ஷல் பிரிவெய்ல்’. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மாநிலச் சட்டமாக இருந்தால், அந்த மாநிலத்தில் அது பிரிவெய்ல். இரண்டு இடத்திலும் இந்த வினைக்குப் பின்னால் செயப்படுபொருள் இல்லை. எதை வென்றது என்று சொல்லியே ஆக வேண்டுமென்றால் ஓவர் அல்லது அகெயின்ஸ்ட் போட வேண்டும். இருமொழி ஒப்பந்தத்தில் ‘தமிழ், ஆங்கிலப் படிகளில் வேறுபாடு இருந்தால் தமிழ்ப் படியே செல்லும்’ என்பதற்கும் இந்த ஷல் பிரிவெய்ல்தான் சரியான வாசகம். டாமினேட் என்று எழுதிய ஒப்பந்தங்களும் உண்டு, அவை வழக்கறிஞர் மேசையில் சிரமம் தரும்.

இதனோடு ஆன் சேர்ந்தால் பொருள் அடியோடு மாறும். ‘பிரிவெய்ல்ட் ஆன் ஹிம்’ என்றால் அவரை வென்றார் என்றல்ல, அவரை வற்புறுத்திச் சம்மதிக்க வைத்தார் என்று பொருள். பிரிவெய்லிங் என்பது இப்போது நிலவுவது: பிரிவெய்லிங் மார்க்கெட் ரேட், பிரிவெய்லிங் விண்ட். பிரெவலன்ட் என்பது பரவலாகக் காணப்படுவது, நோய்க்குப் பெரும்பாலும் இதுதான். சேலம் லீ பஜார் சந்தையின் இன்றைய விலையை பிரெவலன்ட் ரேட் என்று எழுதாதீர்கள்.

ஓவர் வருமா என்று சந்தேகம் வந்தால் ஒரு சோதனை. வாக்கியத்தைச் செயப்பாட்டுவினையாக்கிப் பாருங்கள். ‘வாஸ் டாமினேட்டட் பை’, ‘இஸ் அவுட்வெய்ட் பை’, ‘வேர் அவுட்நம்பர்ட் பை’ எல்லாம் இயல்பாக வருகின்றன. ஆகவே இவற்றுக்கு ஓவர் வேண்டாம். ‘வாஸ் பிரிவெய்ல்ட் பை’, ‘வாஸ் பிரிடாமினேட்டட் பை’ வராது. ஆகவே இவற்றுக்கு ஓவர் வேண்டும். மாணவர்களுக்கான அகராதிகளில் வினைக்குப் பக்கத்தில் செயப்படுபொருள் குன்றியது, குன்றாதது என்று குறி போட்டிருப்பார்கள். சோதனையில் தேறாததை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.

ஓவர் குடும்பம், சுருக்கமாக

ஓவர்ரூல் நீதிபதியும் மேலதிகாரியும் செய்வது. ஓவர்ரைடு விதியோ, அதிகாரமோ, இயந்திரத்தின் கைப்பிடியோ செய்வது. ஓவர்பவர் உடல் பலத்துக்கும் மணம், ருசிக்கும். ஓவர்வெல்ம் வெள்ளம்போல் வந்து மூழ்கடிப்பது. ‘நல்ல வரவேற்பு’ என்பதற்கு ‘ஓவர்வெல்ம் ரெஸ்பான்ஸ்’ என்று ஃபிளெக்ஸ் அடிக்கிறார்கள், அது ஓவர்வெல்மிங் என்றிருக்க வேண்டும். அவுட்நம்பரில் ஒரு நுணுக்கம்: விகிதம் சொல்ல ‘த்ரீ டு ஒன்’, வித்தியாசம் சொல்ல ‘பை ஃபார்ட்டி’. எண்ண முடிந்தவற்றுக்கு மட்டும்தான் இது, தண்ணீருக்கும் மாவுக்கும் ஆகாது.

டிரம்ப் என்பது சீட்டாட்டத்தின் துருப்பு. துருப்பு இனத்தின் இரண்டு, மற்ற இனத்தின் ஆஸையும் வெட்டும். அந்தப் பொருளில் ‘சேஃப்டி டிரம்ப்ஸ் காஸ்ட்’ என்றால் செலவு எவ்வளவு ஆனாலும் சரி, நிறுத்துப் பார்க்கவே வேண்டாம் என்று அர்த்தம். தமிழில் துருப்புச் சீட்டு என்றால் கடைசியில் எடுக்க வைத்திருக்கும் ஆயுதம். அதற்கு ஆங்கிலத்தில் டிரம்ப் கார்ட் என்ற பெயர்ச்சொல்தான், வினை அல்ல. பேச்சுக்கும் பத்திரிகைக்கும் நல்ல சொல், மனுவுக்கு ஆகாது. நம் ‘கை ஓங்கியது’ என்பதற்கு ஆங்கிலத்தில் ‘கெயின்ட் தி அப்பர் ஹேண்ட்’ அப்படியே பொருந்தும். இரண்டு மொழியும் ஒரே உருவத்தைப் பிடித்திருப்பது அபூர்வம், தயங்காமல் பயன்படுத்துங்கள்.

ஒரு பத்தியைத் திருத்துவோம்

ஏற்காட்டுக் காபித் தோட்டத் தங்குமிடம் ஒன்றின் அறிமுகம் என்று வைத்துக்கொள்வோம். தமிழில்: ‘மலை முகடு வீட்டுக்கு மேலே ஓங்கி நிற்கும். சில்வர் ஓக் மரங்கள் காபிக்கு நிழல் தரும், அவற்றில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். எங்களிடம் அரபிகாதான் அதிகம். வார நாளில் ஆட்களைவிடக் குருவிகள் அதிகம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் சிரமத்தைவிட இங்கே கிடைக்கும் அமைதி பெரிது.’

அவசரத்தில் ஆங்கிலமாக்கினால்: முகடு வீட்டை ‘டாமினேட்ஸ் ஓவர்’, ஓக் மரம் காபியை ‘ஓவர்ஷேடோஸ்’, அரபிகா ‘டாமினேட்’, குருவிகள் ‘அவுட்வெய்’, அமைதி ‘ஓவர்ரூல்ஸ்’.

முகட்டுக்கு டாமினேட்ஸ் சரி, ஓவரை எடுத்துவிடுங்கள். அல்லது வீட்டின் தலைக்கு மேலே நெடிதாக நிற்பதைக் காட்ட ‘ரைசஸ் அபவ்’ என்று எளிமையாக விடுங்கள், விளம்பரத்துக்கு அது இன்னும் இதம். ஓவர்ஷேடோ பெரிய பிழை. அது நிழல் தருவதல்ல, பக்கத்தில் இருப்பதை மதிப்பிழக்கச் செய்வது. வருகிறவர் ஓக் மரத்தைத்தான் பார்ப்பார், காபி கண்ணில் படாது என்று தோட்டக்காரரே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகும். ஷேட் என்ற வினை போதும். அரபிகாவுக்கு பிரிடாமினன்ட்லி. எத்தனை ஏக்கர் என்று தெரிந்தால் அந்த எண்ணையே போடுங்கள். குருவிகளை நிறுக்கவில்லை, எண்ணுகிறோம்: பேர்ட்ஸ் அவுட்நம்பர் விசிட்டர்ஸ். கடைசி வாக்கியத்தில் சிரமமும் அமைதியும் ஒரே அலகில் அளக்க முடியாத இரண்டு. அந்த அவுட்வெய் சேர வேண்டிய இடம் இதுதான்: ‘தி கொயட் ஃபார் அவுட்வெய்ஸ் தி ட்வென்டி ஹேர்பின் பெண்ட்ஸ்’. கொயட் ஒருமை, எஸ்ஸை விட்டுவிடாதீர்கள்.